உலாவியில் ஓடும் கோட் எடிட்டர், சொந்தக் கண்டெய்னரில்: சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வகுப்பில் எழுந்த கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியின் ஒரு கோவில் மண்டபத்தில், சனிக்கிழமை காலைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழும் பைத்தான் நிரல்மொழியும் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்கள் தூக்கிவரும் கணினிகளில் ஒன்றுக்கொன்று ஒற்றுமையே கிடையாது. அண்ணன் கைவிட்ட பழைய விண்டோஸ் மடிக்கணினி, பள்ளி கொடுத்த குரோம்புக், திரை விரிசல் விட்ட டேப்லெட் என்று வரும். முதல் சில மாதங்கள் பாதி வகுப்பு மென்பொருள் நிறுவுவதிலேயே கழிந்தது. பிறகு எல்லோருடைய எடிட்டரையும், அதாவது நிரல் எழுதும் மென்பொருளையும், சர்வராக ஓடும் ஒரே கணினிப் பெட்டிக்குள் வைத்து, உலாவி வழியாகத் திறக்கும்படி மாற்றினோம். அன்றிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா, மொரீஷியஸ் என்று பல இடங்களிலிருந்தும் நண்பர்கள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்துவைக்கிறேன்.

இது என்ன என்று இரண்டு வரியில் சொல்லுங்கள்.

எடிட்டரின் மூளை ஒரு சர்வரில் ஓடுகிறது. அதன் முகம் உங்கள் உலாவியில் தெரிகிறது. கோப்புகள், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல், பைத்தான் எல்லாம் சர்வரில் இருக்கும். உங்கள் கையில் இருக்கும் கருவி விசைகளை அனுப்பித் திரையைக் காட்டினால் போதும்.

என்னிடம் நல்ல மடிக்கணினி இருக்கிறது. எனக்கு இது வேண்டுமா?

ஒரே ஆள், ஒரே கணினி என்றால் வேண்டாம். விஎஸ் கோட் என்ற மைக்ரோசாஃப்ட் எடிட்டரை நேரடியாக நிறுவிக்கொள்ளுங்கள். அதுதான் வேகமானது, தொல்லை குறைந்ததும் அதுதான். பல கருவிகளிலிருந்து ஒரே வேலையைத் தொடர வேண்டியவர்களுக்கும், வலுவில்லாத கருவிகளை வைத்திருக்கும் குழுக்களுக்கும்தான் இந்த ஏற்பாடு பயன்படும்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

விஎஸ் கோடின் மூலநிரலை மைக்ரோசாஃப்ட் 2015 நவம்பரில் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டது. அதை அடித்தளமாகக் கொண்டு கோடர் நிறுவனம் உருவாக்கியது கோட்-சர்வர். கிட்பாட் உருவாக்கியது ஓப்பன்விஎஸ்கோட் சர்வர். எக்லிப்ஸ் அறக்கட்டளையின் தீயா தனி வழியில் வளர்ந்த எடிட்டர். ஆனால் விஎஸ் கோடுக்கான நீட்சிகளை அதுவும் ஏற்கும்.

நாங்கள் வைத்திருப்பது கோட்-சர்வர். கடவுச்சொல் பூட்டு அதிலேயே இருக்கிறது, ஆவணங்கள் தெளிவாக இருக்கின்றன, ஆர்ம் சிப்புக்கும் இமேஜ், அதாவது ஓட்டத் தயாரான தொகுப்பு, கிடைக்கிறது. மைக்ரோசாஃப்டின் விஎஸ்கோட் டாட் டெவ் தளமும் உலாவியில் திறக்கும். அதில் டெர்மினல் கிடையாது, பைத்தானை ஓட்ட இடம் இல்லை. கோட்ஸ்பேசஸ் போன்ற வாடகைச் சேவைகளில் எல்லாம் உண்டு, ஆனால் மணிக்கணக்கில் கட்டணம் ஓடும், இணையம் போனால் வகுப்பும் நிற்கும்.

எப்படிப்பட்ட கணினி தேவை?

கோட்-சர்வர் ஆவணம் கேட்பது குறைந்தது 1 ஜிபி ராம், இரண்டு சிபியு. ஒருவருக்கு அது போதும். ஒவ்வொருவருக்கும் தனி எடிட்டர் என்றால் தலைக்கு 1 ஜிபி என்று கணக்கிட்டு, அதற்கு மேல் சிறிது மிச்சம் வையுங்கள். எங்களிடம் இருப்பது ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய சிறிய மேசைக் கணினி. 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி வட்டு, டெபியன் லினக்ஸ். பத்துப் பிள்ளைகளைத் தாங்குகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை, பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு பழைய மடிக்கணினி. இந்த நாட்டில் அதைவிட நல்ல சர்வர் கிடைக்காது, ஏனென்றால் யுபிஎஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. மூடியை மூடினாலும் தூங்கிவிடாதபடி அமைப்பில் மாற்றிவிட்டு, காற்றோட்டமான அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கண்டெய்னர் எதற்கு? நேரடியாகவே நிறுவலாமே?

நிறுவலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் செய்தோம். ஒரு பையன் டெர்மினலில் எதையோ நீக்கப்போய் எல்லோருடைய பைத்தானும் கெட்டுப்போனது. கண்டெய்னர் என்பது ஒரே கணினிக்குள் மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்த தனி அறை போன்றது. அதற்குள் இருந்திருந்தால் அவனுடைய அறை மட்டுமே கலைந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் புதிதாகக் கொடுத்திருக்கலாம்.

இமேஜ் என்பது கொழுக்கட்டை அச்சு. கண்டெய்னர் அதிலிருந்து வரும் கொழுக்கட்டை. உடைந்தால் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை எழுதிய நிரலை மறுபடி பிடிக்க முடியாது. ஆகையால் நிரல் ஒருபோதும் கண்டெய்னருக்குள் மட்டும் இருக்கக் கூடாது. வெளியே, பெட்டியின் வட்டில் உள்ள ஒரு கோப்புறையில் இருக்க வேண்டும். கண்டெய்னர் அந்தக் கோப்புறையை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். இது மனத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

டாக்கர் கம்போஸ் கோப்பில் அவசியம் இருக்க வேண்டியவை எவை?

டாக்கர் என்பது கண்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள். எதை எப்படி ஓட்ட வேண்டும் என்று அதற்கு எழுதிக்கொடுக்கும் பட்டியலே கம்போஸ் கோப்பு. அதில் வேண்டியவை: இமேஜின் பெயர், பதிப்பு எண்ணுடன். வெளிக் கோப்புறையைக் கண்டெய்னருக்குள் இருக்கும் கோடர் பயனரின் வீட்டு அடைவோடு இணைக்கும் வரி. போர்ட், அதாவது நெட்வொர்க் கதவின் எண்ணைச் சொல்லும் வரி. கடவுச்சொல். நினைவக வரம்பு. நேர மண்டலம், ஆப்பிரிக்கா ஜோகனஸ்பர்க் என்று. மின்சாரம் வந்ததும் தானாக எழுந்துகொள்ள, ரீஸ்டார்ட் என்ற இடத்தில் ‘அன்லெஸ் ஸ்டாப்டு’ என்ற மதிப்பு.

இவற்றில் போர்ட் வரியை மட்டும் இருமுறை படியுங்கள். வெறுமனே 8080:8080 என்று எழுதினால், பெட்டியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் கதவு திறந்துகொள்ளும். 127.0.0.1:8080:8080 என்று எழுதினால் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து மட்டுமே அணுக முடியும். இரண்டாவது வடிவத்தையே எழுதுங்கள். வெளியே காட்டுவதை, முன்னால் நின்று கோரிக்கைகளை உள்ளே கடத்தும் ரிவர்ஸ் ப்ராக்ஸியின் பொறுப்பில் விடுங்கள்.

உபுண்டுவில் யுஎஃப்டபிள்யு தீச்சுவரைப் போட்டிருக்கிறோமே, 8080 மூடித்தானே இருக்கும் என்று ஒரு நண்பர் உறுதியாக நம்பியிருந்தார். மூடியிருக்கவில்லை. டாக்கர் தன் போர்ட்டுகளுக்கு ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் பாக்கெட் விதிப் பட்டியலில் தானே விதிகளை எழுதிக்கொள்கிறது. வரும் பாக்கெட்டுகள் யுஎஃப்டபிள்யு காவல் நிற்கும் வாசலுக்கு வராமலேயே, கண்டெய்னருக்குத் திருப்பிவிடப்படுகின்றன. தீச்சுவர் மூடியிருப்பதாகத்தான் திரை காட்டும், கதவு திறந்துதான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் வேறொரு கணினியிலிருந்து அந்த முகவரியைத் திறந்து பார்ப்பதே உண்மையான சோதனை.

தொடங்கியதும் ‘பெர்மிஷன் டினைடு’ என்று வருகிறது. கோப்பைச் சேமிக்க முடியவில்லை.

முதல் நாள் வரும் பிழைகளில் பத்துக்கு ஒன்பது இதுதான். கண்டெய்னருக்குள் இருக்கும் கோடர் பயனரின் எண் 1000. வெளிக் கோப்புறையின் உரிமையாளர் வேறு எண்ணாக இருந்தால் எழுத முடியாது. இணைக்கச் சொன்ன கோப்புறையை நீங்கள் முன்கூட்டியே உருவாக்காமல் விட்டிருந்தால், டாக்கரே அதை ரூட் என்ற தலைமைப் பயனரின் பெயரில் உருவாக்கியிருக்கும். கோப்புறையின் உரிமையை 1000க்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

777 என்று எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். அன்றைக்கு வேலை செய்யும். அதன் பின் யாருடைய கோப்பு யாருடையது என்ற கணக்கே குலைந்துவிடும்.

லினக்ஸ்சர்வர் குழுவின் இமேஜைப் பயன்படுத்தினால், பியுஐடி, பிஜிஐடி என்ற இரண்டு மாறிகளில் எண்ணைக் கொடுக்கலாம். அந்த இமேஜின் போர்ட் 8443, கோப்புகள் இருக்கும் இடம் கான்ஃபிக் அடைவு. இரண்டு இமேஜ்களின் வழிகாட்டிகளையும் கலந்து படித்துக் குழம்புகிறவர்கள் பலர், ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேற்று டெர்மினலில் நிறுவிய மென்பொருள் இன்று இல்லை. ஏன்?

இடையில் கண்டெய்னர் புதிதாக உருவாக்கப்பட்டிருக்கிறது. நிறுத்தித் தொடங்கினால் போகாது; நீக்கி உருவாக்கினால் போகும். எப்போதும் வேண்டிய மென்பொருள்களை டாக்கர்ஃபைல் என்ற இமேஜ் செய்முறைக் கோப்பில் எழுதி, உங்களுக்கென ஓர் இமேஜைக் கட்டிக்கொள்ளுங்கள். நீட்சிகளும் அமைப்புகளும் வீட்டு அடைவில் இருப்பவை. அந்த அடைவை வெளியே இணைத்திருந்தால் அவை பத்திரமாக இருக்கும்.

லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) வந்தால் என்ன ஆகும்?

இதைக் கேட்காத தென்னாப்பிரிக்கர் இல்லை. 2023இல் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. 2024 மார்ச் இறுதியிலிருந்து பத்து மாதம் ஓய்ந்திருந்தது; 2025 ஜனவரி 31 அன்று மறுபடி வந்தது. வராது என்று நம்பி எதையும் கட்டக் கூடாது என்பதே என் முடிவு.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலை பத்து மணி தாண்டியதும் விளக்குகள் அணைந்தன. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. பத்து மடிக்கணினித் திரைகளின் வெளிச்சம் மட்டும் முகங்களில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாத் திரையிலும் ‘மீண்டும் இணைக்க முயல்கிறது’ என்ற பொருளில் ஒரே அறிவிப்பு. பெட்டி யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. ரௌட்டரை அதில் செருக நாங்கள் மறந்திருந்தோம். வாசலோரம் இருந்த சிறுமி, “ஆன்ட்டி, என் வாய்ப்பாடு போய்விட்டதா?” என்று கேட்டாள். ரௌட்டரின் பிளக்கைப் பிடுங்கி யுபிஎஸ்ஸில் செருகினேன். ஒன்றரை நிமிடத்தில் அறிவிப்பு மறைந்தது. அவளுடைய கர்சர் ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில், விட்ட இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது.

உலாவி துண்டிக்கப்பட்டாலும் சர்வரில் உள்ள டெர்மினலும் ஓடும் நிரலும் உடனே சாவதில்லை. மீண்டும் இணைவதற்காகக் காத்திருக்கும். தானியங்கிச் சேமிப்பு உலாவிப் பதிப்பில் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அமைப்புகளில் ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நீண்ட நேரம் ஓடும் வேலை என்றால், இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள்.

பெட்டியே அணைந்துவிட்டால் கதை வேறு. தொடக்கத்தில் நாங்கள் ராஸ்பெரி பை ஒன்றில், எஸ்டி கார்டில் வைத்திருந்தோம். எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், கார்டு கெட்டது. மூன்று வார வேலை அதில் இருந்தது. காப்புப் பிரதியும் அதே கார்டில்தான் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்ச் சொல்ல வேண்டியிருந்த அந்தக் காலையை நான் மறக்கவில்லை. எஸ்டி கார்டில் வைக்காதீர்கள். எஸ்எஸ்டி வாங்குங்கள். யுபிஎஸ் பேட்டரி தீரும் முன் பெட்டி தானாக முறையாக அணையும்படி நட் என்ற மென்பொருளை அமையுங்கள். மின்சாரம் வந்ததும் கணினி தானே எழும்படி பயாஸில் ஓர் அமைப்பு உண்டு, அதையும் இயக்குங்கள். மின்சாரம் திரும்பும் நொடியில் வரும் எழுச்சியைத் தாங்க, எழுச்சித் தடுப்பு பிளக் ஒன்று போடுங்கள்.

வீட்டிலிருந்தும் திறக்க வேண்டும். இணையத்தில் திறந்துவிடலாமா?

வேண்டாம். இதில் நான் இளகமாட்டேன்.

எடிட்டரைத் திறப்பவருக்கு டெர்மினலும் கிடைக்கிறது. டெர்மினல் கிடைத்தால் உங்கள் கோப்புகள், கிட்ஹப் சாவிகள், உங்கள் நெட்வொர்க்கின் உட்புறம் எல்லாம் அவர் கையில். ஒரு வலைப்பூவின் நிர்வாகப் பக்கம் வெளியே தெரிவதோடு இதை ஒப்பிட முடியாது. இது வீட்டுச் சாவிக்கொத்தையே வாசலில் தொங்கவிடுவது. இணையத்தில் ஒரு போர்ட்டைத் திறந்தால், அதைத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் வந்து சேர அதிக நேரம் ஆகாது. கோட்-சர்வர் கடவுச்சொல் முயற்சிகளை நிமிடத்துக்கு 2, அதற்கு மேல் மணிக்கு 12 என்று கட்டுப்படுத்துகிறது. நல்லதுதான், ஆனால் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை அது காப்பாற்றாது.

இணையத்தின் வழியே உங்களுக்கென்று தனிப் பாதை அமைக்கும் வயர்கார்டு விபிஎன் போடுங்கள். அல்லது அதன் மேல் கட்டப்பட்ட டெய்ல்ஸ்கேல் போடுங்கள். சிறு குழுவுக்குக் கட்டணமில்லாத திட்டம் அதில் உண்டு. பல மொபைல் இணைப்புகளில் உங்களுக்கென்று பொது ஐபி முகவரி கிடைக்காது, பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிரும்; அங்கேயும் டெய்ல்ஸ்கேல் வேலை செய்யும், ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. தைப்பூசக் காவடி சமயத்தில் மண்டபம் எங்களுக்குக் கிடைக்காது. அந்த வாரங்களில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே இப்படித்தான் தொடர்கிறார்கள்.

உள் நெட்வொர்க்கில் மட்டும்தானே, எச்டிடிபிஎஸ் எதற்கு?

பாதுகாப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், அது இல்லாமல் எடிட்டரே அரைகுறையாகத்தான் ஓடும். மார்க்டவுன் முன்னோட்டம் வெற்றுப் பக்கமாக வரும், ஒட்டும் பலகை வேலை செய்யாது, செயலிபோல் நிறுவ முடியாது. இவையெல்லாம் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே உலாவி அனுமதிக்கும் வசதிகள்.

கேடி என்ற வெப் சர்வரை முன்னால் நிறுத்துவது எளிது. சான்றிதழைத் தானே வாங்கித் தானே புதுப்பிக்கும், எடிட்டருக்குத் தேவையான வெப்சாக்கெட் என்ற தொடர் இணைப்பையும் தானே கடத்தும். என்ஜின்எக்ஸ் என்றால் அப்கிரேட், கனெக்ஷன் ஆகிய இரண்டு தலைப்புகளை நீங்கள்தான் கைப்பட எழுத வேண்டும். விட்டுவிட்டால் உள்நுழைவுப் பக்கம் வரும், அதற்குப் பிறகு எடிட்டர் திறக்காமல் நிற்கும். டெய்ல்ஸ்கேல் வைத்திருப்பவர்கள் அதன் பெயர்களுக்கே சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.

கடவுச்சொல் தெரியவில்லை.

நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் கோட்-சர்வர் தானே ஒன்றை உருவாக்கி, வீட்டு அடைவின் கான்ஃபிக் கோப்புறையில் உள்ள யாமல் கோப்பில் எழுதிவைக்கும். அதைத் திறந்து பாருங்கள்.

மைக்ரோசாஃப்டின் பைத்தான் துணையான பைலான்ஸ் நீட்சி கிடைக்கவில்லையே?

கிடைக்காது. மைக்ரோசாஃப்டின் நீட்சிச் சந்தையை அதன் சொந்தத் தயாரிப்புகள் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது அதன் விதி. கோட்-சர்வர் எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் சந்தையை நாடுகிறது. பைத்தானுக்கு பைரைட் அல்லது பேஸ்டுபைரைட், சி மொழிக்கு கிளாங்டி போடுங்கள். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு வேறுபாடே தெரியாது. கோப்பைத் தரவிறக்கிக் குறுக்கு வழியில் ஏற்றும் வித்தையை வகுப்பில் காட்டாதீர்கள். உரிமத்தை மதிப்பதையும் நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

ஒரே கண்டெய்னரில் பத்துப் பேரும் நுழையலாமா?

நுழைய முடியும், ஆனால் கூடாது. கோட்-சர்வர் ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில் உருவானது. ஒருவர் கோப்பில் இன்னொருவர் கை வைப்பார். யார் செய்தது என்றும் தெரியாது. கம்போஸ் கோப்பில் ஒரு பத்தியைப் பத்து முறை எழுதி, பெயரும் போர்ட்டும் கோப்புறையும் மாற்றினால் போதும். ஒவ்வொன்றுக்கும் நினைவக வரம்பு வையுங்கள். முடிவில்லாத லூப்பை எழுதாத மாணவர் உலகில் இல்லை. பட்டியலில் எண்களைச் சேர்த்துக்கொண்டே போகும் ஒரே ஒரு லூப் மொத்தப் பெட்டியையும் கவிழ்த்துவிடும்.

கண்டெய்னர்களுக்கும் கோப்புறைகளுக்கும் பிள்ளைகளின் பெயரை வைக்காதீர்கள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை முதல் இந்நாட்டில் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது; சிறுவர் தகவலுக்கு அதில் தனிக் கவனம் உண்டு. நாங்கள் மரப் பெயர்கள் வைத்திருக்கிறோம். வேம்பு, புங்கை, மருது, தேக்கு. பிள்ளைகளையும் இங்கே அந்தப் பெயர்களாலேயே குறிப்பிடுகிறேன். தமிழ்ப் பாடமும் கூடவே நடந்துவிடுகிறது.

ஃபிளாஸ்க் என்ற பைத்தான் வலைக் கருவியில் எழுதிய பக்கத்தை எப்படிப் பார்ப்பது?

எடிட்டரின் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு, ப்ராக்ஸி என்ற சொல், மீண்டும் சாய்கோடு, போர்ட் எண் 5000 என்று சேர்த்துத் திறங்கள். புதிய போர்ட் எதையும் வெளியே திறக்க வேண்டாம். பக்கத்தில் இணைப்புகள் உடைந்தால், அவற்றைச் சார்பு முகவரிகளாக மாற்றுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? எழுத்துரு சர்வரில் வேண்டுமா?

எழுத்துருவும் விசைப்பலகையும் உங்கள் கருவியைச் சேர்ந்தவை. சர்வரில் எதுவும் நிறுவத் தேவையில்லை. உங்கள் கணினியில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருந்தால், அமைப்புகளில் எழுத்துரு வரிசையில் அதையும் சேருங்கள். எடிட்டர் பகுதியில் தமிழ் அழகாகவே வரும்.

டெர்மினலில் அப்படி வராது. அது ஒவ்வொரு குறியையும் சம அளவுக் கட்டத்தில் அடைப்பது. கொம்பும் காலும் புள்ளியும் இடம் மாறி, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். தமிழ் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதச் சொல்லி, அந்தக் கோப்பை எடிட்டரில் திறந்து பார்ப்பதே நாங்கள் கண்ட வழி.

பைத்தான் 3இல் மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம். ‘பெயர்’, ‘வயது’ என்று எழுதி அது ஓடுவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே இந்தப் பெட்டியைப் பராமரிக்கலாம். வீட்டில் ஆங்கிலமே பேசும் குடும்பங்கள் அவை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் டர்பனில் இறங்கிய பின் எத்தனையோ தலைமுறை கடந்துவிட்டது. பாட்டி பாடும் தேவாரத்தில் மட்டும் கேட்ட எழுத்து, கணினி ஏற்றுக்கொள்ளும் எழுத்தாக அவர்கள் கண் முன் வருகிறது.

ஒரு நாள் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை லென் என்ற செயற்கூறிடம் கேட்டோம். 5 என்றது. வேம்பு விரலை மடக்கி எண்ணினாள்: த, மி, ழ். மூன்றுதானே? அவள் எண்ணியது சரி. கணினி எண்ணியது வேறு. யுனிகோடில் தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், புள்ளி என்று ஐந்து குறிகள். வட்டில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தை நிறுவி எழுத்துகளைப் பிரித்தால் 3 கிடைக்கும். அன்று முழுவதும் உயிர்மெய்யைப் பற்றியே பேசினோம். அதற்கு முன் இலக்கண வகுப்பில் ஒருவரும் அப்படிக் கேள்வி கேட்டதில்லை.

கன்ட்ரோல் டபிள்யு அழுத்தினால் உலாவித் தாவலே மூடிக்கொள்கிறது.

உலாவி அந்த விசையைத் தனக்கென வைத்திருக்கிறது. குரோம் அல்லது எட்ஜில் இந்தப் பக்கத்தைச் செயலியாக நிறுவிக்கொள்ளுங்கள். தனிச் சாளரத்தில் விசை எடிட்டருக்கே போகும்.

ஐரோப்பாவில் மலிவாக விபிஎஸ் (வாடகை சர்வர்) கிடைக்கிறதே, சொந்தப் பெட்டி எதற்கு?

ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப ஒரு விசைக்கு 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். டெர்மினலில் அது நன்றாகவே உறைக்கும்; எழுத்து விரலுக்குப் பின்னால் வரும். ஜோகனஸ்பர்கிலும் கேப் டவுனிலும் பெரிய மேகச் சேவைகளின் மையங்கள் இருக்கின்றன, தாமதம் மிகக் குறைவு, விலை கூடுதல். மண்டபத்துக்குள் இருக்கும் பெட்டிக்குத் தாமதமே தெரியாது.

கடலடிக் கேபிள்களையும் மறக்க வேண்டாம். 2024 மே மாதம் ஈஸ்ஸி, சீகாம் இரண்டும் ஒரே நாளில் அறுந்தன. அதே ஆண்டு மார்ச்சில் மேற்குக் கரையில் நான்கு கேபிள்கள் பாதிக்கப்பட்டன. இணையம் தள்ளாடினாலும் உள் நெட்வொர்க்கில் எங்கள் வகுப்பு நடக்கும். ஒரு நிபந்தனை: பைத்தான் நிரலகங்களை முன்கூட்டியே இமேஜில் கட்டிவைத்திருக்க வேண்டும்.

காப்புப் பிரதி எப்படி?

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். 2022 ஏப்ரல் வெள்ளத்தைக் கண்ட டர்பன்வாசிக்கு அந்த மூன்றாவதற்கு விளக்கம் தேவையில்லை. நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த வெள்ளம் அது, வீடுகளே போன இடத்தில் கணினி எம்மாத்திரம். இரவுதோறும் ரெஸ்டிக் என்ற மென்பொருள் எங்கள் கோப்புறைகளைக் குறியாக்கம் செய்து ஒரு வெளி வட்டுக்கும், ஜோகனஸ்பர்கில் உள்ள ஓர் உறவினர் வீட்டுப் பெட்டிக்கும் அனுப்புகிறது. நிரலில் செய்யும் மாற்றங்களை அவ்வப்போது பதிந்துவைக்கும் கிட் கமிட்டையும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்.

பிரதி எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். பருவத்துக்கு ஒரு முறை ஒரு கோப்புறையை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.

எப்போது புதுப்பிப்பது?

மாதம் ஒரு முறை, வகுப்பு இல்லாத நாளில். ‘லேட்டஸ்ட்’ என்ற குறிச்சொல்லை நம்பாமல் பதிப்பு எண்ணை எழுதியே மாற்றுங்கள்; ஏதாவது உடைந்தால் பழைய எண்ணுக்குத் திரும்பிவிடலாம்.

எடிட்டருக்குள்ளிருந்தே டாக்கரை இயக்க, டாக்கர் சாக்கெட்டை இணைக்கலாமா?

மாணவர் கண்டெய்னரில் கூடவே கூடாது. அந்தச் சாக்கெட் கையில் இருப்பவருக்குப் பெட்டியின் ரூட் அதிகாரம் முழுவதும் கிடைத்தது போலத்தான்.

ஒரு பிள்ளை வகுப்பை முடித்துப் போகும்போது என்ன செய்கிறீர்கள்?

வேலைக் கோப்புறையை, கிட் வரலாறு உட்பட, ஒரு யுஎஸ்பி குச்சியில் எழுதிக் கொடுக்கிறோம். அவர்கள் வீட்டுக் கணினியில் அது திறக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே கண்டெய்னரை நீக்குகிறோம். காப்புப் பிரதிகளை இன்னும் ஒரு பருவம் வைத்திருந்து, அதன் பின் அழிக்கிறோம். சென்ற டிசம்பரில் தேக்கு அப்படிப் போனான். ஜனவரியில் அவன் தங்கை வந்து அதே பெயரைக் கேட்டாள். தேக்கு அவளுக்கே கிடைத்தது. புதிய கண்டெய்னர், காலிக் கோப்புறை, புதிய கடவுச்சொல்.